பைத்தான் நிரலைப் பொதியாக்கி அனுப்புதல்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர்ப் பகுதியிலும், இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீருமேடு பகுதிகளிலும் தமிழ் வழியில் கற்பிக்கும் பள்ளிகள் உள்ளன. கேரள அரசு 2001-ஆம் ஆண்டில் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டமும், 2017-இல் அதிலிருந்து உருவான கைட் நிறுவனமும் மாநிலத்துப் பள்ளிகளில் கணினியையும் லினக்ஸ் இயங்குதளத்தையும் பரவச் செய்தன. கணினி வந்து சேர்ந்தபின் எழும் கேள்வி ஒன்றே: பாடத்திற்கு வேண்டிய நிரல், இணையத் தொடர்பு நிலையில்லாத மலைப்பகுதியிலும் தவறாது இயங்குமா?

இதற்குத் தக்க உதாரணம் எக்ஸ்ப்ஐஸ் என்னும் ஆய்வுக் கருவியாகும். புது தில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையம் 2004-இல் தொடங்கிய ஃபீனிக்ஸ் திட்டத்தின் பயனாக, விஞ்ஞானி பி. பி. அஜித் குமார் முன்னின்று உருவாக்கியது இது. யு.எஸ்.பி. கம்பி வழியே கணினியுடன் இணையும் இச்சிறு கருவியைக் கொண்டு ஊசலின் அலைவு நேரத்தையும், மாறுதிசை மின்னோட்டத்தின் அலைவடிவத்தையும், ஒலியின் அதிர்வெண்ணையும் மாணவர் தாமே அளந்தறியலாம். இதனை இயக்கும் நிரல் பைத்தான் மொழியில் எழுதப்பட்டது.

கைடோ வான் ரோசம் 1991-இல் வெளியிட்ட பைத்தான், ஸ்கிரிப்ட் மொழி வகையைச் சேர்ந்தது. இவ்வகை நிரல் தானாக இயங்காது. அதைப் படித்து நிறைவேற்ற இன்டர்பிரெட்டர் என்னும் மற்றொரு நிரல் வேண்டும். கணக்கீட்டிற்கும் வரைபடத்திற்கும் உரிய துணைத் தொகுப்புகளும் வேண்டும். நிரலை மட்டும் அனுப்புவது, அடுப்பும் பாத்திரமும் இல்லாதவருக்கு அரிசியை மட்டும் அனுப்புவதை ஒக்கும்.

இக்குறையை நீக்க இருவழிகள் உள்ளன. முதலாவது, டெபியன் முறைப் பொதி. எக்ஸ்ப்ஐஸ் நிரல் டெபியன் களஞ்சியத்தில் இவ்வடிவில் கிடைக்கிறது. நிரலுடன் அதற்குத் தேவையான துணைகளின் பட்டியலும், சாதாரணப் பயனரும் கருவியைத் தொட்டு இயக்க அனுமதி தரும் விதியும் பொதியில் அடங்கும். அவ்விதி விடுபட்டால் நிரல் திறக்கும். கருவி மட்டும் பேசாது. பட்டியலிலுள்ள துணைகளை இணையத்திலிருந்து வரவழைக்கவேண்டுமாதலால், தொடர்பில்லாத பள்ளிக்குச் செல்வோர் அவற்றையும் முன்னரே பென் டிரைவில் சேர்த்துக்கொள்ளவேண்டும். இயங்குதளத்தின் பதிப்பும், 32 பிட்டா 64 பிட்டா என்பதும் பள்ளிக் கணினியோடு ஒத்திருத்தல் அவசியம்.

இரண்டாவது, பைஇன்ஸ்டாலர் போன்ற சாதனத்தால் நிரல், இன்டர்பிரெட்டர், துணைகள் யாவற்றையும் ஒன்றாகக் கட்டுதல். இது கட்டுச்சோறு போன்றது. சென்ற இடத்தில் எதையும் தேடவேண்டியதில்லை. ஆயினும் அளவிற் பெரியது. விண்டோஸுக்கு உரியதை விண்டோஸிலும், லினக்ஸுக்கு உரியதை லினக்ஸிலும் தனித்தனியே கட்டவேண்டும். புதிய லினக்ஸில் கட்டியது பழைய லினக்ஸில் இயங்காமற் போகலாம். ஆகவே, பள்ளிகளில் உள்ளவற்றுள் பழமையான பதிப்பிலேயே கட்டுவது நலம். படங்கள், உதவிப் பக்கங்கள், தமிழ் மொழிபெயர்ப்புக் கோப்புகள் ஆகியவற்றைக் குறிப்பாகச் சேர்க்காவிடில், அவை பெரும்பாலும் விடுபட்டுவிடும். பொதிக்குள் இருக்கும் துணைகளுக்குப் பின்னர் வரும் பாதுகாப்புத் திருத்தங்களும் தாமாக வந்து சேரா. மீண்டும் கட்டி அனுப்பவேண்டும்.

எவ்வழியாயினும், நிரலை எழுதியவரின் கணினியில் அது இயங்குவது சான்றாகாது. துணைகள் யாவும் அங்கே முன்னரே குடியேறியிருக்கும். பைத்தான் நிறுவாத வேறொரு கணினியில், அல்லது புதிதாக லினக்ஸ் நிறுவிய கணினியில், இணையத்தைத் துண்டித்துவிட்டுப் பொதியை நிறுவி, கருவியை இணைத்து, ஓர் அளவீட்டை முடித்துப் பார்ப்பதே உண்மையான சோதனை. அரைமணி நேரம் எடுக்கும் இச்சோதனையைப் புறப்படுமுன் செய்யாவிட்டால், மலைமேல் ஒரு வகுப்பின் பாடவேளை வீணாகும். கருவியும் அலமாரிக்குத் திரும்பிவிடும். பெயர், பதிப்பு எண், நிறுவும் முறை ஆகியவற்றை ஒரு தாளில் தமிழில் எழுதிப் பொதியுடன் வைத்தால், அடுத்து வரும் ஆசிரியரும் பிறர் உதவியின்றி அதனை நிறுவிக்கொள்வார்.