கடுக்காயும் துருவும்

எங்கள் சித்தூர் வீட்டில் பாட்டி காலத்துக் காளத்திக் கலம்காரித் துணி ஒன்று இருக்கிறது. அதில் சிவப்பு அப்படியே நிற்கிறது; கறுப்புக் கோடுகள் ஓடிய இடங்களில் மட்டும் துணி இற்று, கோடு கோடாகக் கிழிந்திருக்கிறது. சிறு வயதில் எலியின்மீது பழி போட்டோம். திருப்பதிக்கு வந்து இரசாயனம் படித்த பிறகே எலி குற்றமற்றது என்று தெரிந்தது.

காளத்தியில் கறுப்புச் சாயம் செய்யும் முறையைக் கேளுங்கள். துருப்பிடித்த இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் பானையில் நீர் ஊற்றி இரண்டு மூன்று வாரம் புளிக்க விடுகிறார்கள். வெல்லம் சாராயமாகிப் பின் காடியாகிறது. அதிலுள்ள அஸெடிக் அமிலம் இரும்பைக் கரைக்கிறது. இக்கரைசலை மூங்கில் எழுதுகோலால் தொட்டு வெறுந்துணியில் எழுதினால் மங்கலான பழுப்புதான். கடுக்காயும் எருமைப்பாலும் ஊட்டிய துணியிலோ, கண்ணெதிரே கறுக்கிறது! பாலின் கொழுப்பு, சாயம் பரவாமல் தடுக்கும்.

கறுப்பு எங்கிருந்து வந்தது? கடுக்காயின் துவர்ப்புக்குக் காரணமான டானினில் காலிக் அமிலம் அடங்கியிருக்கிறது. அதன் பென்ஸீன் வளையத்தில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு ஆக்ஸிஜன்கள் இரும்பணுவை நண்டின் கொடுக்குப்போல் கவ்விக்கொள்கின்றன. (இத்தகைய அணைவுச் சேர்மங்களுக்கு மார்கன், ட்ரூ என்னும் அறிஞர்கள் 1920-ல் இட்ட ‘கீலேட்’ என்ற பெயரே நண்டுக் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான்.) இரும்பைச் சுற்றி ஆறு ஆக்ஸிஜன்கள், எண்முகியின் ஆறு முனைகளில் அமர்கின்றன. உலோக அணுவைச் சுற்றி இப்படியோர் அமைப்பு உண்டென்று 1893-ல் சொன்னவர் ஆல்பிரட் வெர்னர். பெரஸ் நிலையில் இச்சேர்மம் வெளிறியது, நீரில் கரைவது. காற்று பட்டு இரும்பு பெரிக் நிலையை அடைந்ததும் வளையத்தின் எலெக்ட்ரான் இரும்பை நோக்கித் தாவ முடிகிறது; அதற்காகக் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. ஆகவே கறுப்பு. அன்னபேதியும் கடுக்காயும் சேர்த்த பழைய எழுத்து மையும் இதே இனந்தான்.

இனிப் பாட்டியின் துணி. மிஞ்சிய அமிலம் பருத்தியின் செல்லுலோஸை அறுக்கிறது. கவ்வப்படாமல் எஞ்சிய இரும்போ பெரஸ், பெரிக் என்று மாறி மாறிக் காற்றின் ஆக்ஸிஜனை நூலின்மேல் ஏவிவிடுகிறது. சிவப்புக்கு உதவும் படிகாரத்தின் அலுமினியத்துக்கு ஒரே வேலன்ஸிதான். அது வம்புக்குப் போவதில்லை.

விடுதியில் நானும் ஒரு சிறு பானை வைத்துப் பார்த்தேன். மூன்றாம் வாரம் அறைத்தோழர் மூக்கைப் பொத்திக்கொண்டார். கறுப்பு என்னவோ அருமையாக வந்தது. அதன்மேல் எலுமிச்சைச் சாறு ஒரு துளி விட்டதும் கறுப்பு மறைந்தது! சிட்ரிக் அமிலம் தன் கொடுக்கால் இரும்பைப் பறித்துக்கொண்டது. மீதிப் பழத்தைத் தோழர் வாங்கித் தம் சட்டையிலிருந்த துருக்கறைமேல் தேய்த்து வெயிலில் போட்டார், அதுவும் போயிற்று.