கப்பலில் வந்த "காக்கா ஆழி"
எண்ணூர், பழவேற்காடு மீனவர்களின் பிழைப்பில் கை வைத்த சிப்பி

ஏர்பேட்டில் பஸ் ஏறி காளஹஸ்தி, நாயுடுபேட்டை வழியாக சூளூர்ப்பேட்டை போய் இறங்க சுமார் இரண்டு மணி நேரம் ஆகும். அங்கிருந்து கிழக்கே போகும் ஸ்ரீஹரிகோட்டா சாலையின் இரு பக்கமும் பரந்து கிடப்பதுதான் பழவேற்காடு ஏரி. தெலுங்கர்கள் "புலிகாட்" என்கிறார்கள். ஏரியின் பெரும் பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தெற்கு ஓரம் தமிழ்நாட்டுக்குச் சொந்தம். 2022-ல் திருப்பதி மாவட்டம் பிறந்த பிறகு ஏர்பேடும் சூளூர்ப்பேட்டையும் ஒரே மாவட்டம்.

கூடூர் வழியாக சென்னைக்கு ரெயில் ஏறுகிறவர்கள் எண்ணூர் பக்கம் வரும்போது ஜன்னல் வழியே கழிமுகத்தைப் பார்த்திருப்பார்கள். அந்தத் தண்ணீருக்கு அடியில் சில ஆண்டுகளாக ஒரு குடியேற்றம் நடக்கிறது. பிழைக்க வெளியூர் போவது தவறல்ல. அது இந்தப் பக்கத்து வாசகர்களுக்கே தெரியும். ஆனால் இது, இடம் கொடுத்தவனை வெளியே தள்ளிவிட்டு அவன் வீட்டுக்குக் கதவு போட்டுக் கொள்ளும் குடியேற்றம்!

வந்திருப்பது ஒரு சிப்பி. மீனவர்கள் வைத்த பெயர் "காக்கா ஆழி". விஞ்ஞானப் பெயர் "மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா". விரல் நீளம்தான் இருக்கும், கருத்த ஓடு.

தாயகம் தென் அமெரிக்கா

இதன் சொந்த ஊர் தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கக் கடற்கரை. பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து என்று ஆசியாவில் ஒவ்வொரு துறைமுகமாகத் தலை காட்டியது. கேரளத்தில், கொச்சிக் காயலில் இது இருப்பதை விஞ்ஞானிகள் 2019-ல் அறிவித்தார்கள். கொல்லத்தை அடுத்த அஷ்டமுடிக் காயலிலும் பரவியது. அஷ்டமுடி மட்டித் தொழில் சாதாரணமானதல்ல. 2014-ல் சர்வதேசத் தரச் சான்று பெற்று, இந்தியாவிலேயே அந்தப் பெருமையைப் பெற்ற முதல் மீன்பிடித் தொழில் அது.

கடல் கடந்து எப்படி வந்தது? சரக்கு இல்லாமல் புறப்படும் கப்பல் ஆடாமல் இருக்க, அடித்தொட்டியில் துறைமுகத் தண்ணீரை நிரப்பிக் கொள்ளும். சரக்கு ஏற்றும் துறைமுகத்தில் அதைக் கொட்டிவிடும். அந்தத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் பயணம் செய்கின்றன. கப்பலின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டும் வரும். டிக்கெட் வாங்காத பயணிகள்!

ஒட்டுவது எப்படி?

ஆண் சிப்பியும் பெண் சிப்பியும் விந்தையும் முட்டையையும் தண்ணீரிலேயே விட்டுவிடும். கரு அங்கேயே உண்டாகி, உப்புப் பொடியைவிடச் சிறிய குஞ்சாக மிதக்கும். நீரோட்டம் இழுத்த பக்கம் போகும். பிறகு ஓடு கனத்து, கீழே இறங்கி இடம் தேடும்.

அதன் உடம்பில் நாக்கு போன்ற ஒரு "கால்" உண்டு. அதை நீட்டித் தடவிப் பார்க்கும். பிடிக்காவிட்டால் நகர்ந்து வேறு இடம் போகும். தண்ணீரில் போட்ட எந்தப் பொருளின் மேலும் முதலில் நுண்ணுயிர்கள் படிந்து வழவழவென்று பாசி போல ஒரு படலம் உண்டாகும். பல சிப்பிக் குஞ்சுகளுக்கு அந்தப் படலம்தான் பாய் விரித்த மாதிரி.

இடம் பிடித்துவிட்டால், காலின் அடியில் உள்ள பள்ளத்தில் ஒரு திரவத்தைச் சுரக்கும். அது சில நிமிடங்களில் கெட்டியாகி நூலாகிறது. நூலின் நுனியில் ஒரு சிறு பசை வட்டு. நம் கடைப் பசை ஈரத்தில் ஒட்டாது. இதன் பசையோ தண்ணீருக்குள்ளேயே ஒட்டும்! இப்படி ஒவ்வொன்றாக நூல் போட்டு, கூடாரத்துக்குக் கயிறு கட்டுவது போல இழுத்துக் கட்டிக் கொள்ளும்.

அடுத்து வருகிற குஞ்சு, முதலில் வந்ததன் ஓட்டின் மேலேயே ஒட்டும். அதன் மேல் இன்னொன்று. கடைசியில் சேற்றின் மேல் கனமான கம்பளம் விரித்தது போல் ஆகிவிடும்.

ஏரிச் சிப்பி வேறு

ஆந்திரத்துக் குளம், ஏரிகளில் சேற்றில் பாதி புதைந்து கிடக்கும் பெரிய சிப்பியைப் பார்த்தவர்கள், "இதுவும் அதுதானே?" என்று கேட்கலாம். அதுவல்ல. நம் ஏரிச் சிப்பியின் குஞ்சு தனியே மிதந்து பிழைக்காது. மீனின் செவுளிலோ துடுப்பிலோ தொற்றிக்கொண்டு சில காலம் வாழ்ந்து, பிறகு உதிர்ந்து சேற்றில் விழவேண்டும். வளர்ந்த பிறகு பசை போட்டு எதிலும் ஒட்டாது. மீன் போகும் இடம்தான் அதன் எல்லை.

காக்கா ஆழி உப்பு கூடினாலும் குறைந்தாலும் தாங்கும். கழிமுகத்தில் அதுதான் அதன் பலம்.

எண்ணூரில், கொசஸ்தலை ஆற்றின் அடித்தளத்தை இது மூடியது. இறால் புதைந்து வாழச் சேறு வேண்டும், மட்டிக்கும் வேண்டும். கம்பளத்துக்குக் கீழே அவற்றுக்கு இடம் இல்லை. தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் ஏழைகளின் கை, கால்களை ஓட்டின் விளிம்பு கிழிக்கிறது. வலையும் கிழிகிறது.

பழவேற்காட்டில் "பாடு" என்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு. சுத்து வலை போடும் இடங்களை ஊர் கூடி முறை வைத்துப் பங்கிட்டுக் கொள்வார்கள். ஒருவருக்கு முறை வந்த இடத்தில் சேற்றுக்குப் பதிலாகச் சிப்பி இருந்தால், அன்றையக் கூலி போயிற்று. எண்ணூர் மீனவர்களின் முறையீடு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

குழாயை அடைத்த சிப்பி

நன்னீரிலும் இதே குணமுள்ளவை உண்டு. வரிக்குதிரைச் சிப்பி 1988-ல் அமெரிக்க, கனடா எல்லையில் உள்ள செயின்ட் கிளேர் ஏரியில் காணப்பட்டது. மறு வருஷமே மிச்சிகன் மாநிலத்து மன்றோ நகரில் குடிநீர்க் குழாயின் வாயை அடைத்து, ஊருக்குத் தண்ணீர் நின்றது. சீனத்துத் தங்கச் சிப்பி 1991-ல் தென் அமெரிக்காவில் இறங்கி, ஆற்றை எதிர்த்து ஏறி, 2001-ல் இட்டாய்ப்பு அணையை எட்டியது. 2024-ல் கலிபோர்னியாவிலும் கண்டார்கள். கண்டலேறிலிருந்து பூண்டிக்குக் கிருஷ்ணா தண்ணீர் கொண்டு போகும் கால்வாய் ஆந்திரத்துக்குள் மட்டும் 152 கிலோ மீட்டர். அப்படிப்பட்ட கால்வாய்க் கரையும் மதகும் குழாயும்தான் இந்த இனங்களுக்குப் பிடித்த இடம். வேகமாக ஓடும் தண்ணீரில் குஞ்சால் ஒட்ட முடியாது. மெதுவாக ஓடினால் கொண்டாட்டம்.

ஆந்திரத்துக்கு இந்த அனுபவம் புதிதல்ல. கரிபியன் கடலைச் சேர்ந்த இன்னொரு சிப்பியை 1967-லேயே விசாகப்பட்டினம் துறைமுகத்தில் கண்டார்கள். அது இன்றும் போகவில்லை. அதே சிப்பி 1999-ல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரப் படகுத்துறைகளில் தோன்றியது. அதிகாரிகள் உடனே வாசலை அடைத்து, குளோரினும் துத்தமும் கொட்டி ஒன்றுவிடாமல் ஒழித்தார்கள். மதகு போட்டு மூடும் சிறு துறைகள் என்பதால் முடிந்தது. வாய் திறந்து கிடக்கும் கழிமுகத்தில் மருந்து கொட்டினால் இறாலும் மீனும் சேர்ந்து சாகும்.

கப்பல் தொட்டித் தண்ணீரைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம் 2004-ல் எழுதப்பட்டு, 2017 செப்டம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்குள் பல சிப்பிகள் ஊர் மாறிவிட்டன.

இனி பரவாமல் தடுப்பது கடலோரத்தார் கையிலும் இருக்கிறது. எண்ணூரில் ஓடிய படகையும் வலையையும் வேறு ஏரிக்குக் கொண்டு போகுமுன் வெயிலில் நன்றாகக் காயவைக்க வேண்டும். காய்ந்தால் சிப்பி செத்துவிடும். படகின் அடியில் சுரண்டி எடுத்ததைத் தண்ணீரில் தள்ளக் கூடாது. கரையில், அலை எட்டாத மேட்டில் குழி வெட்டிப் புதைக்க வேண்டும்.