சிங்கப்பூரிலிருந்து சீயம் வரை
பொது வண்டியிலே செல்வோர் காண்பன

நம்மவர் கிழக்கு நாடுகளுக்குப் பிரயாணஞ் செய்வது இந்நாளிற் புதுமையன்று. பாடசாலை விடுமுறை தொடங்கியதும் கட்டுநாயக்காவில் விமானம் ஏறுகின்றனர். நான்கு மணி நேரத்திற் சிங்கப்பூரில் இறங்குகின்றனர். பிரயாண முகவர் அனுப்பிய குளிரூட்டிய வண்டி வாயிலிற் காத்து நிற்கின்றது. கடைத்தெருவும் மிருகக்காட்சிச்சாலையும் கண்டு, மறுபடி விமானம் ஏறிக் கோலாலம்பூர், பின்னும் விமானம் ஏறிப் பாங்கொக் என்று, ஆறே நாளில் மூன்று தேசங்களைப் பார்த்துத் திரும்புகின்றனர். முதியோரையும் கைக்குழந்தைகளையும் உடன்கொண்டு செல்லும் குடும்பத்தினருக்கு இது சௌகரியமான ஏற்பாடே, குறை கூறுவதற்கில்லை. ஆயினும், சிங்கப்பூருக்கும் பாங்கொக்குக்கும் இடையே இரண்டாயிரம் கிலோமீற்றருக்குச் சற்றே குறைந்த நீளத்துக்கு நிலம் கிடக்கிறது. அந்நிலத்தின் மீது ஓடும் தண்டவாளத்தோடு நம்மவர் வரலாறு பின்னிக் கிடக்கிறது. விமானத்திற் செல்வோர் அதன்மேற் பறந்து போகின்றனர். பொது வண்டியிற் செல்வோரே அதனைக் காண்கின்றனர். கால்வலு உள்ளவர்களும், கையிற் பணம் அளவாக உள்ள மாணவர்களும் இவ்வழியை நாடுதல் நன்று என்பது எம் கருத்து.

சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகள் நான்கனுள் ஒன்று. ஆதலின் நகரப் புகையிரத நிலையங்களிலே பெயர்ப்பலகைகளில் நம் எழுத்தைக் காணலாம். 1987இல் ஓடத் தொடங்கிய இப்புகையிரதத்தைப் பற்றி விரிப்பது வேண்டா. ஒரு நாட் பழகிய சிறுவனும் அதில் வழி தவறான். ஆனால் மலாயாவுக்குச் செல்லும் பழைய புகையிரதத்தை இன்று சிங்கப்பூர் நகரிலே தேடுவோர் ஏமாறுவர். 1932இல் திறக்கப்பட்ட தஞ்சோங் பகார் நிலையம் 2011ஆம் ஆண்டு நடுப்பகுதியில் மூடப்பட்டது. நெடுந்தூர வண்டிகள் நீரிணைக்கு அப்பால் ஜொகூர் பாருவிலேயே தொடங்குகின்றன.

எனவே முதற்கட்டம் பஸ் பிரயாணமாகும். இதில் ஒரு முறை உண்டு, அறியாதார் திகைப்பர். பஸ் முதலிற் சிங்கப்பூர்க் குடிவரவு நிலையத்தில் நிற்கும். பொதிகள் யாவற்றையும் எடுத்துக்கொண்டு இறங்கவேண்டும். கடவுச்சீட்டில் அலுவல் முடிந்து கீழே வரும்போது, நாம் வந்த வண்டி போய்விட்டிருக்கும். கலங்க வேண்டுவதில்லை. அதே இலக்கமுடைய அடுத்த வண்டியில், அதே சீட்டுடன் ஏறிக்கொள்ளலாம். ஒரு கிலோமீற்றர் நீளமுள்ள கற்பாலத்தைக் கடந்து ஜொகூர்க் கரையில் மீண்டும் அதே சடங்கு நிகழும். சீட்டை எறிந்துவிட்டவர் மறுபடி காசு கொடுக்க நேரும். மாலை வேளையில் வேலை முடிந்து வீடு திரும்பும் தொழிலாளர் பல்லாயிரவர் இப்பாலத்தில் நெருங்குவர். காலையில் அவர்கள் எதிர்த்திசையில் வருவர். ஆகவே முற்பகலில் ஜொகூர் நோக்கிச் செல்வதே உத்தமம்.

அங்கிருந்து கோலாலம்பூருக்குப் பஸ்ஸிற் செல்வதாயின் ஏறக்குறைய ஐந்து மணி நேரம், புகையிரதத்திலும் செல்லலாம். கட்டணங்களை ஈண்டு எழுதாமைக்குக் காரணம், இதழ் வாசகர் கைக்கு வருமுன்னரே அவை மாறிவிடக்கூடும் என்பதே.

நம்மவர் ஓட்டிய றெயில்வே

கோலாலம்பூரிலே இன்று வண்டிகள் யாவும் 2001இல் திறக்கப்பட்ட சென்றல் நிலையத்திற் கூடுகின்றன. அதற்கு அணித்தாக, வெண்ணிறக் கூம்புகளும் வளைவுகளும் கொண்டு அரண்மனை போலத் தோன்றும் பழைய நிலையம் நிற்கின்றது. ஹப்பக் என்னும் கட்டடக் கலைஞர் வரைந்து 1910இற் கட்டி முடிக்கப்பட்டது. பலர் புகைப்படம் எடுத்துக்கொண்டு போய்விடுகின்றனர். அந்நிலையத்தில் மேசையின் பின்னே அமர்ந்திருந்தவர் யார் என்பதையும் நாம் எண்ணவேண்டும்.

மலாயாவின் முதற் புகையிரதப் பாதை பேராக் மாநிலத்திலே தைப்பிங்கிலிருந்து போட் வெல்ட் துறைமுகம் வரை 1885 ஜூன் மாதத்திற் திறக்கப்பட்டது. நீளம் எட்டு மைல்தான். ஈயத்தைக் கடற்கரைக்குக் கொண்டு செல்வதே அதன் தொழில். அதனை அமைப்பதற்கு இலங்கையிலிருந்து முன்னோடித் தொழிற்படையினர் கொண்டு செல்லப்பட்டனர். பின்னர் 1901இல் மலாய்க் கூட்டு மாநிலங்களின் றெயில்வேக்கு முதல் முகாமையாளராக வந்த ஸ்பூனர் என்பவர், முன்னர் இலங்கையின் பொதுவேலைப் பகுதியிற் பணியாற்றியவர். ஆங்கிலங் கற்ற யாழ்ப்பாண இளைஞரின் தரத்தை அவர் இங்கேயே அறிந்திருந்தார். அவர் காலத்திலும் அதன் பின்னரும் நிலைய அதிபர்களாகவும் எழுதுவினைஞர்களாகவும் நம்மவர் பெருந்தொகையாகச் சென்றனர். ‘மலாயாப் பென்சன்காரர்’ ஒருவரேனும் இல்லாத கிராமம் ஒரு காலத்தில் வலிகாமத்தில் அரிதாயிருந்தது. சென்றல் நிலையத்திலிருந்து நடந்து செல்லக்கூடிய தூரத்திலுள்ள பிறிக்பீல்ட்ஸ் பகுதியில் றெயில்வே உத்தியோகத்தர் குடியிருப்புகள் இருந்தன. அவர்கள் எழுப்பிய கந்தசுவாமி கோயில் இன்றும் அங்கே நம்மூர்க் கோயில்களின் ஒழுங்கோடு விளங்குகின்றது. வண்டிக்கு இரண்டு மணி நேரம் உளதாயின் அதனைத் தரிசித்து வரலாம்.

கோலாலம்பூரிலிருந்து வடக்கே எல்லை வரை செல்லும் மின்சார வண்டி ஏறக்குறைய ஐந்தரை மணி நேரத்தில் பாடாங் பெசாரை அடைகின்றது. தண்டவாள அகலம் ஒரு மீற்றர். நம் நாட்டு அகலப் பாதையிலும் மிகக் குறுகியது. அதன்மேல் மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் ஓடியும் தேநீர்க் கிண்ணம் தளம்புவதில்லை. ஆசனங்கள் யாவும் முன்பதிவுக்குரியன. நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, தீபாவளி ஆகிய நாட்களை அண்டிப் புறப்படுவோர் பல வாரங்களுக்கு முன்னரே சீட்டு வாங்கிவிடல் வேண்டும்.

ஈப்போவைக் கடந்தபின் வண்டி மலையைக் குடைந்த நீண்ட சுரங்கத்தினூடாகச் சென்று தைப்பிங்கை அடையும். நேரமுள்ளவர் இங்கே இறங்குக. பஸ்ஸிற் கோலா செப்பெத்தாங் என்னும் மீனவர் ஊருக்குச் செல்லலாம். அதுவே பழைய போட் வெல்ட். தண்டவாளம் பெயர்க்கப்பட்டுப் பல்லாண்டுகள் ஆயின, நிலையமும் இல்லை. ஆனால் கடைகளுக்கிடையே பழைய பெயர்ப்பலகை மட்டும் நிற்கின்றது. ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ் என நான்கு எழுத்துகளில் ஊரின் பெயர் அதில் உள்ளது. ஈழத்திலிருந்து சென்ற தொழிலாளர் பணிசெய்த பாதையில் எஞ்சியிருக்கும் பலகையிலே தமிழைக் காணும்போது உண்டாகும் உணர்ச்சியை எழுத்தில் வடித்தல் எளிதன்று.

தைப்பிங்குக்கு அப்பால் வண்டி புக்கிட் மேரா ஏரியை ஊடறுத்துச் செல்லும். இருபுறமும் நீர். அங்கேதான் என் பக்கத்து ஆசனத்திலிருந்த முதியவர் பேச்சுக் கொடுத்தார். எண்பது வயதுக்கு மேலிருக்கும்.

“தம்பி சிலோனா?” என்றார்.

“ஆம் ஐயா, யாழ்ப்பாணம்.”

“பேச்சிலேயே தெரியுது. எங்க தோட்டத்துக் கிராணி கூட உங்க ஊர்க்காரர்தான்.” சிறிது நேரம் வெளியே பார்த்திருந்தார். “எங்க அப்பாவும் பெரியப்பாவும் ஒண்ணா சயாமுக்குப் போனாங்க. அப்பா திரும்பினாரு. பெரியப்பா திரும்பல.”

சுங்கை பட்டாணியில் இறங்கும்போது, “பாங்கொக் போறீங்கன்னா காஞ்சனபுரிக்கும் போயிட்டு வாங்க தம்பி” என்று சொல்லி என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அவர் கூறிய ‘சயாம்’ யாது என்பதைப் பின்னர் கூறுவேன்.

எல்லை கடத்தல்

பாடாங் பெசார் நிலையம் ஓர் அதிசயம். ஒரே கூரையின் கீழ் இரு நாடுகளின் குடிவரவு அலுவலர்களும் அமர்ந்துள்ளனர். மலேசிய அலுவலரிடம் முத்திரை பெற்றுச் சில அடிகள் நடந்தால் தாய்லாந்து அலுவலர். மலாயா, சீயம் ஆகிய இரு நாட்டுத் தண்டவாளங்களும் 1918இல் இவ்விடத்திலேதான் இணைக்கப்பட்டன. கைக்கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே திருப்பிக்கொள்க; மறந்தவர் ஒரு மணி நேரம் வீணே காத்திருப்பதன்றி வேறு நட்டமில்லை. எதிர்த்திசையில் வருவோர் மறந்தாலோ வண்டி போய்விடும். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுமே வருகைப் படிவத்தை இணைய வழியில் முன்கூட்டியே நிரப்பும்படி கேட்கின்றன. விசா விதிகள் அடிக்கடி மாறுவன; தூதரகத்தில் விசாரித்தறிதலே தகும்.

இங்கிருந்து ஹட்யாய் நகர் ஒரு மணி நேரத் தூரம். அதற்கப்பால் பாங்கொக் வரை 900 கிலோமீற்றருக்கு மேல். ஓர் இரவு முழுவதும் பிரயாணம். இரண்டாம் வகுப்புப் படுக்கை வண்டியில் மாலையானதும் உதவியாளர் ஒருவர் வந்து, ஆசனங்களை இழுத்து மடித்து, வெண்துணி விரித்துச் சில நிமிடங்களிற் படுக்கையாக்கி விடுகிறார். கீழ்ப்படுக்கை அகலமானது, கட்டணமும் சற்று அதிகம். பெற்றோர் அதனை வாங்கிப் பிள்ளைகளை மேலே ஏற்றிவிடலாம். பிள்ளைகளும் அதனையே விரும்புவர்.

சைவ உணவினர் கவலைப்படும் இடம் இதுவே. சீய நாட்டில் மரக்கறி என்று சொல்லிக் கொடுப்பதிலும் மீன்சாறு கலந்திருக்கும். மலாய் நாட்டிலே கீரையிலும் இறால் விழுது உண்டு. மலாய் நாட்டில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள் கைகொடுக்கும். சீயத்திலே ‘ஜே’ என்ற ஒரு சொல்லை அறிந்திருந்தாற் போதும். மச்சமாமிசம் இல்லாத உணவுக்கு அதுவே பெயர். மஞ்சள் நிறக் கொடியிற் செந்நிறத்தில் அவ்வெழுத்துத் தொங்கும் கடைகளிற் கண்ணை மூடிக்கொண்டு உண்ணலாம். ‘கின் ஜே’ என்றால் ‘நான் மரக்கறி உண்பவன்’ என்பது பொருள். வண்டியிலே ஒன்றும் கிடையாது என்று எண்ணி ஹட்யாயிலேயே பழங்களும் பாணும் வாங்கிக்கொள்ளுதல் புத்தி.

பாங்கொக்கை அடைவதற்குச் சற்று முன்னர், காலையில், பான் பொங் என்னும் சிறிய ஊரை வண்டி கடக்கும். பெரும்பாலார் அப்பொழுது பொதிகளைக் கட்டிக்கொண்டிருப்பர். அவ்வூரின் பெயரை மனத்தில் வைத்துக்கொள்க.

பாங்கொக்கில் நெடுந்தூர வண்டிகளுட் பெரும்பாலான 2023 ஜனவரி முதல் ஹுவா லம்போங் என்னும் பழைய நிலையத்துக்குச் செல்லாது, வடக்கேயுள்ள புதிய பெருநிலையத்திற் நிற்கின்றன. நிலத்தடிப் புகையிரதம் அங்கே வருகிறது. ஆதலின் வாடகை வண்டிக்காரரோடு பேரம் பேச வேண்டுவதில்லை. தூண்களின் மீது ஓடும் புகையிரதம் 1999 முதல் உள்ளது. ஆயினும் இந்நகரைக் காண்பதற்கு ஆற்றுப் படகே சிறந்தது. படகிற் கட்டிய கொடியின் நிறத்தைக் கொண்டு அது எவ்வெத் துறைகளில் நிற்கும் என அறிவர். இருபுறமும் வாங்கு போட்ட ‘சொங்தேவ்’ என்னும் சிறு லொறிகளும் ஓடுகின்றன. ‘இருவரிசை’ என்பதே அச்சொல்லின் பொருள். மணியை அமுக்கி இறங்கிக் காசு கொடுத்தல் அவற்றின் வழக்கம். சீலோம் வீதியிலே தமிழர் நிறுவிய மாரியம்மன் கோயில் உண்டு. அங்கே பூத்தட்டு ஏந்தி நிற்போருட் பெரும்பாலார் சீயர்களே.

காஞ்சனபுரி

முதியவர் சொன்ன சயாமுக்கு இப்போது வருவோம். ஆற்றின் மேற்குக் கரையிலுள்ள தொன்புரி என்ற சிறு நிலையத்திலிருந்து காலையில் ஒன்றும் பிற்பகலில் ஒன்றுமாக மூன்றாம் வகுப்பு வண்டிகள் நாம் தொக் வரை செல்கின்றன. குளிரூட்டி இல்லை, திறந்த யன்னல்களும் சுழலும் விசிறியுமே. வாத்தும் சோறும் விற்கும் பெண்கள் ஏறி இறங்குவர்.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது யப்பானியர் சீயத்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீற்றர் நீளப் பாதையை 1942 நடுப்பகுதியில் தொடங்கி 1943 ஒக்டோபரில் இணைத்தனர். மேனாட்டு யுத்தக் கைதிகள் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அதில் வருந்தினர். பன்னீராயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இதனைத் திரைப்படத்தில் உலகம் அறிந்தது. அவர்களினும் பன்மடங்கு தொகையினரான ஆசியத் தொழிலாளரை அத்துணை அறிந்ததில்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர், முதலிற் கூலி தருவதாகச் சொல்லியும் பின்னர் பலவந்தமாகப் பிடித்தும் அனுப்பப்பட்டனர். மாண்ட ஆசியரின் தொகை தொண்ணூறாயிரம் அளவில் இருக்கலாம் என்பது பொதுவாகக் கூறப்படும் மதிப்பீடு. வாந்திபேதி, மலேரியா, பசி ஆகியவையே பெருங்காரணங்கள். சிகிச்சை செய்வார் இல்லை.

அவர்கள் எவ்வழியாகச் சென்றனர்? நாம் வந்த வழியாகவேதான். பூட்டிய சரக்குப் பெட்டிகளில், பாடாங் பெசாரைக் கடந்து, பல நாட் பிரயாணத்தின்பின் இறக்கப்பட்ட இடமே பான் பொங். பாதைக்கு இரும்பு போதாமையால் மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையில் நெடுந்தூரத்துக்குத் தண்டவாளங்களைப் பெயர்த்தும் கொண்டு சென்றனர். நம்மவர் கொடிகாட்டி வழிவிட்ட இருப்புப் பாதையே அவர்களைக் கொண்டுபோயிற்று. மலாயாப் பென்சன்காரரின் பெருமையைப் பேசும் நாம் இதனையும் பேசுதல் வேண்டும்.

காஞ்சனபுரியில் மேனாட்டார் கல்லறைகள் ஏழாயிரம் அளவில் வரிசையாக உள்ளன; புல் ஒழுங்காக வெட்டப்பட்டுள்ளது; பெரும்பாலானவற்றிற் பெயரும் வயதும் உண்டு. தமிழர்க்கு அவ்வாறு பெயர் பொறித்த கல்லறைகள் இல்லை. 2023இல் ஒரு பௌத்த விகாரையின் வளவிலே அவர்கள் நினைவாக நடுகல் ஒன்று நாட்டப்பட்டது. பாலத்திற் படம் எடுக்கும் கூட்டத்தைவிட்டு விலகி, அதனைத் தேடிச் செல்வோர் சிலரே.

நாம் தொக் நோக்கிச் செல்லும்போது இடப்புற யன்னலருகே அமர்க. ஆறும் பள்ளமும் அப்பக்கமே. தாம் கிராசே என்னுமிடத்தில் வண்டி, மலைச்சுவரை ஒட்டிய மரப்பாலத்தின் மீது ஆள் நடக்கும் வேகத்தில் ஊர்கின்றது. மரங்கள் முனகுவது காதிற் கேட்கும். அப்பால் நாம் தொக்கில் பாதை முடிந்துவிடுகின்றது. யுத்தத்தின் பின் எஞ்சிய தண்டவாளங்களைக் கழற்றிவிட்டனர். மேலும் செல்ல விரும்புவோர் நெடுஞ்சாலையில் நின்று பஸ்ஸை மறித்து, கையாற் குடைந்த கற்கணவாய் வரை போகலாம். வந்த வண்டி சற்று நேரம் நின்று இளைப்பாறிவிட்டுத் தொன்புரிக்குத் திரும்பும்.