கருத்தா யார்? கூற்று யாருடையது?

விவிலியத்தின் இரண்டாம் நூலாகிய யாத்திராகமத்திலே, இலக்கணம் கற்பிப்போர் நின்று நோக்கவேண்டிய ஓரிடம் உண்டு. எகிப்திலே அடிமைப்பட்டிருந்த இஸ்ரவேல் மக்களை விடுவிக்குமாறு மோசே பார்வோன் மன்னனிடம் கேட்கிறார். அவன் மறுக்கிறான். வாதைகள் பத்து ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இவ்வரலாற்றில் மன்னனின் இருதயம் கடினப்பட்ட செய்தி ஏறக்குறைய 20 இடங்களிற் பேசப்படுகின்றது. ஆயினும் எல்லாவிடத்தும் வாக்கியம் ஒரு தன்மைத்தன்று. சில இடங்களிற் பார்வோன் தன் இருதயத்தைத் தானே கடினப்படுத்தினான் என்றிருக்கும். சில இடங்களில், கடினப்படுத்தியவர் இன்னார் என்னாது, இருதயம் கடினப்பட்டது என்று மட்டும் இருக்கும். வேறு சில இடங்களிற் கடவுளே அதனைக் கடினப்படுத்தினார் என்றிருக்கும். எபிரேய மூலத்திலோ வலுப்பெறுதல், பாரமாதல், கடினமாதல் என மூன்று வினைகள் இப்பொருளில் விரவி வருகின்றன.

அப்படியாயின் அம்மறுப்புக்குக் கருத்தா யார்? பார்வோனா, கடவுளா? கடவுள் எனின், அவனைத் தண்டித்தல் எங்ஙனம் நீதியாகும்? வகுப்பறையிலே எந்த மாணவனும் கேட்கக்கூடிய இவ்வினாவைப் பவுலடியார் உரோமருக்கு எழுதிய நிருபத்தின் 9ஆம் அதிகாரத்திலே தாமே எழுப்புகிறார். எழுப்பியபின் விளக்கந் தாராது, குயவனையும் களிமண்ணையும் காட்டி, வினாவியவனையே எதிர்வினாவி நிறுத்துகிறார். கடவுளின் ஆட்சிக்குப் புறம்பாக எதுவும் நிகழாது. மனிதன் தன் பாவத்துக்குத் தானே பொறுப்பாளி. கிறித்தவ இறையியல் இவ்விரண்டையும் ஒருங்கே கூறுகின்றது. இரண்டும் எவ்வாறு இயைந்து நிற்கும் என்பதே பன்னூறாண்டு விவாதம்.

நான் இறையியல் பயின்றவனல்லன்; தமிழ் கற்பிப்பவன். ஆதலின் எனக்குத் தெரிந்த வழியால் இவ்வினாவை அணுகுகிறேன். நம் இலக்கணகாரர் கருத்தாவை இயற்றுதற் கருத்தா, ஏவுதற் கருத்தா எனப் பகுப்பர். தொழிலாளர் குளந் தோண்டினர் என்னுமிடத்துத் தொழிலாளர் இயற்றுவோர். அரசன் குளந் தோண்டினான் என்னுமிடத்து அரசன் ஏவுவோன். பார்வோனை இயற்றுதற் கருத்தா என்றும் கடவுளை ஏவுதற் கருத்தா என்றும் கொண்டால் வழக்குத் தீர்ந்துவிடும் என்று முதலிற் றோன்றும். அது தீராது. ஏவியவன் ஏவியதைச் செய்தவன் குற்றவாளியாகான். அன்றியும், பார்வோனுக்குக் கடவுள் இட்ட ஏவல் மக்களைப் போகவிடு என்பதேயாம். ஏவலுக்கு மாறாக நடந்தவனின் செயலுக்கு ஏவியவரைக் கருத்தாவாக்க இலக்கணம் இடந்தராது.

காலமுறையாற் றீர்ப்பாரும் உளர். முதல் ஐந்து வாதைகளின்போது பார்வோன் தானே கடினப்படுகிறான். ஆறாவதாகிய கொப்புள வாதைக்குப் பின்னரே கடவுள் கடினப்படுத்தினார் என நிகழ்ச்சியாகச் சொல்லப்படுகிறது. ஆதலால் அது முன்செய்த குற்றத்துக்கு வந்த தண்டனை என்பர். இதில் உண்மையுண்டு. ஆனால் மோசே எகிப்துக்குத் திரும்புமுன்னரே, பார்வோனின் இருதயத்தைத் தாம் கடினப்படுத்துவதாகக் கடவுள் அவருக்குக் கூறிவிடுகிறார். அவ்வாக்கியத்தை நோக்காது கடந்து செல்லுதல் நேர்மையன்று.

பேரறிஞர்கள் கண்ட விடைகளைச் சுருக்கிக் கூறுவேன். மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அலெக்சாந்திரிய அறிஞர் ஓரிஜென், ஒரே வெயில் மெழுகை உருக்கிச் சேற்றை இறுகச் செய்வதை உவமை காட்டினார். அருள் ஒன்றே, இறுகியது மண்ணின் இயல்பு. அகுஸ்தீனார் 396ஆம் ஆண்டளவில் எழுதியபோது, கடினப்படுத்தல் என்பது தீமையை உள்ளே புகுத்துதலன்று, இரக்கத்தை அளியாது விடுதலே என்றார். தோமஸ் அக்குவினார் 13ஆம் நூற்றாண்டிலே முடவன் நடையை எடுத்துக் காட்டினார். நடையிலுள்ள இயக்கம் உயிராற்றலால் வருவது. நொண்டுதல் காலின் கோணலால் வருவது. 1525இல் எராஸ்மஸுக்கு மறுப்பெழுதிய லூதர், முன்னைய ஆண்டு எராஸ்மஸ் நாட்டிய சுயாதீன சித்தத்தை முற்றாக மறுத்தார். ஆயினும் தச்சன் நல்லவனாயினும் வாய்மடிந்த கோடரி செம்மையாக வெட்டாது என்னும் உவமையால் தீமையைக் கருவியின்மேல் வைத்தார். கல்வினோ, வெயிலிற் கிடக்கும் பிணம் நாறும். எனினும் கதிர் நாறுகிறதென்பார் எவருமிலர் என்றார்.

கல்வின் காட்டிய மற்றோர் எடுத்துக்காட்டு இவற்றினும் நுண்ணியது. யோபுவின் ஒட்டகங்களைக் கல்தேயர் கவர்ந்து சென்றனர். அச்செயல் ஒன்று, அதில் மூவருக்குப் பங்குண்டு. தம் அடியவனின் பொறுமையைப் பயிற்றுதல் கடவுளின் நோக்கம். அவனை அவநம்பிக்கையில் வீழ்த்துதல் சாத்தானின் நோக்கம். பிறர் பொருளைக் கொள்ளையிடுதல் கல்தேயரின் நோக்கம். செயல் ஒன்றாயினும் நோக்கம் வேறாதலின் குற்றமும் வேறாம். கொள்ளைக்காரன் ஒட்டகத்தை ஓட்டிச் செல்லும்போது கடவுட் சித்தத்தை நிறைவேற்ற நினைத்தானல்லன்; தன் ஆசையை நிறைவேற்றவே நினைத்தான். அதற்கே அவன் கணக்குக் கொடுக்கவேண்டும்.

இவ்வுவமைகள் அழகியவை. எனினும் வினா அடங்கவில்லை. கோடரியின் வாயைத் தீட்டவும் முடவனின் காலை நிமிர்த்தவும் வல்லவர் ஏன் அது செய்திலர்? இதனை உணர்ந்தமையாலேயே விவாதம் ஓயவில்லை. இயேசு சபையைச் சேர்ந்த மொலினா 1588இல் வெளியிட்ட நூல், மனிதன் எந்நிலையில் எதனைச் சுயாதீனமாகத் தெரிவான் என்பதைக் கடவுள் முன்னறிந்தே உலகை நடத்துகிறார் என்றது. தொமினிக்கன் சபையார் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். உரோமையிலே ஆண்டுகள் பலவாக ஆய்வு நடந்தது. 1607இல் பாப்பரசர் ஐந்தாம் பவுல், ஒரு பக்கத்துக்கும் வெற்றி கூறாது, ஒருவர் மற்றவரைப் பழித்தலாகாது எனக் கட்டளையிட்டு அதனை முடித்துவைத்தார்.

இங்ஙனம் தம்முட் பிளவுபட்டவர்கள் ஒன்றில் மட்டும் பிளவுபடவில்லை. 1547இல் திரெந்துச் சங்கம், நன்மையைப் போலவே தீமையையும் கடவுளே செய்கிறார் என்னுங் கொள்கையைக் கண்டித்தது. 1646இல் இங்கிலாந்தின் வெஸ்ட்மின்ஸ்டரிற் கூடிய கல்வின் வழியினர், எல்லாம் கடவுளின் நியமப்படியே என்று கூறிய அதே வாக்கியத்தில், அவர் பாவத்தின் கருத்தாவல்லர் என்றும் எழுதினர். கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையினரும் ஒருவரையொருவர் மறுத்த அந்நூற்றாண்டுகளில், இருசாராரும் அடைத்து வைத்த வாயில் இது ஒன்றாகும். ஏன் இதனை இத்துணை உறுதியாக அடைத்தனர்?

இதற்கு விடை, கருத்தாவை மட்டும் நோக்கினாற் கிடையாது. கூற்றையும் நோக்கவேண்டும் என்பது என் துணிபு. அகப்பாட்டொன்றைப் படிக்குங்கால் இது தலைவி கூற்றோ, தோழி கூற்றோ, பரத்தை கூற்றோ என்று அறியாது பொருள்கொள்ள இயலாது. அதே சொல் ஒருத்தி வாயில் ஏக்கமாகும். மற்றொருத்தி வாயில் ஏளனமாகும்.

ஆதியாகமத்தின் இறுதியிலே யோசேப்பின் வரலாறு வருகிறது. அவனைச் சகோதரர்கள் 20 வெள்ளிக்காசுக்கு விற்றனர். பின்னர் அவன் எகிப்தின் அதிகாரியாகிப் பஞ்சகாலத்தில் அவர்களுக்கே உணவளித்தான். தந்தை இறந்தபின் அஞ்சிநின்ற அவர்களை நோக்கி, அவர்கள் தீமை நினைத்ததையும், கடவுள் அதனையே பலர் உயிர்பிழைக்கும் நன்மையாக நினைத்ததையும் கூறித் தேற்றுகிறான். இது யோசேப்பின் கூற்று. விற்கப்பட்டவன் கூறுகையில் அது மன்னிப்பு. விற்றவர்கள் அதனைத் தம் வாயாற் கூறி, நாங்கள் விற்றமையாலன்றோ நீ அதிகாரியானாய் என்றிருந்தால் அதனினும் இழிந்த துணிகரம் உண்டோ? சொற்பொருள் மாறவில்லை, சொல்லுவோன் மாறினான், வேதம் வஞ்சகமாயிற்று.

இவ்வஞ்சகத்தையே விவிலியத்தின் முதற் பாவியும் முயன்று பார்த்தான். விலக்கிய கனியை உண்டது ஏன் என்று வினவப்பட்டபோது ஆதாம், கடவுள் தனக்குத் தந்த பெண்ணே கொடுத்தாள் என்று விடையிறுத்தான். அவ்விடையில் மனைவிக்கு ஒரு பழி. அவளைத் தந்தவருக்கு மற்றொரு பழி. அகுஸ்தீனாரும் இளமையில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் மணிக்கேயரைச் சார்ந்திருந்தபோது, பாவஞ் செய்வது தாமல்லர், தம்முள் இருக்கும் வேறொரு தன்மையே என்று எண்ணி மகிழ்ந்ததைத் தம் நூலில் எழுதிவைத்தார். கட்டளையிடும் கடவுளே அதனைச் செய்யும் ஆற்றலையும் தரவேண்டும் என்று அதே நூலில் அவர் செய்த வேண்டுதல், மனித முயற்சியை வற்புறுத்திய பெலேகியுஸைச் சினங்கொள்ளச் செய்தது. அருளுக்கு அத்துணை இடங்கொடுத்தவர்தாமும் குற்றத்தில் அணுவளவையேனும் கடவுளுக்குப் பங்கிட்டாரல்லர். நன்மையைக் கூறுங்கால் அவர் என்றும், தீமையைக் கூறுங்கால் நான் என்றும் கூறும் வழக்கு அது.

இனிப் பார்வோனிடம் மீள்வோம். ஏழாவதாகிய கல்மழை வாதையின்போது அவன் மோசேயை அழைத்துத் தான் பாவஞ் செய்ததாகவும் கடவுளே நீதியுள்ளவர் என்றும் ஒப்புக்கொள்கிறான். தன் இருதயத்தைக் கடவுள் கடினப்படுத்தினார் என்பது அவன் வாயில் ஓரிடத்தும் வரவில்லை. அது வரலாறு கூறுவோனின் கூற்று, கடவுளின் கூற்று. பார்வோனின் கூற்றோ தன்மை ஒருமை. அவன் கெட்டது விளக்கம் அறியாமையாலன்று. மழை நின்றதும் அவ்வொருமையைக் கைவிட்டமையால்.

அறிஞர் விடுவிக்காத முடிச்சை நான் விடுவித்தேன் என்று சொல்ல வரவில்லை. இறையாட்சியும் மனிதப் பொறுப்பும் எவ்விடத்துக் கூடுகின்றன என்பது படர்க்கையில் நின்று ஆராய்வார்க்கு இன்னும் அரிதாகவே இருக்கின்றது. தீங்கிழைத்த கை நம் கையாயின், இது விதிக்கப்பட்டது என்னும் வாக்கியம் எத்துணை மெய்யாயினும் நம் வாய்க்கு உரியதன்று. அதனைச் சொல்லும் உரிமை, தீங்கை ஏற்றவனுக்கு என்றேனும் வாய்க்கலாம். செய்தவனுக்கு உரிய வாக்கியம் மிகச் சிறியது. அதன் எழுவாய் நான்.