கிரிவீதியில் யாருக்கு இடம்?

பழனி மலையை வலம் வருவதற்கென்றே ஒரு காலம் உண்டு. சித்திரையின் கடைசி ஏழு நாட்களையும் வைகாசியின் முதல் ஏழு நாட்களையும் சேர்த்து அக்கினி நட்சத்திரக் கழு என்பார்கள். வெயில் கொளுத்தும் அந்தப் பதினான்கு நாட்களில் அதிகாலையிலும் மாலையிலும் மலையைச் சுற்றினால், மூலிகைகளில் பட்டு வரும் காற்று உடலுக்கு நலம் தரும் என்பது எங்கள் ஊர்ப் பெரியவர்களின் நம்பிக்கை. பெண்கள் கடம்ப மலரைச் சூடிக்கொண்டு நடப்பார்கள். மலையே முருகன் என்பதால், நடப்பதும் பூசைதான்.

என் தாயாரின் விரலைப் பிடித்துக்கொண்டு நான் சுற்றிய அந்தப் பாதை, நான் பணி ஓய்வு பெற்று ஊர் திரும்பியபோது அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. இருபுறமும் கடைகள் முன்னே நீட்டிக்கொண்டு நின்றன. அவற்றின் முன்னால் தள்ளுவண்டிகள், தள்ளுவண்டிகளுக்கு முன்னால் தரைக்கடைகள். எஞ்சிய இடத்தில் பேருந்தும் வேனும் குதிரை வண்டியும். செருப்பில்லாமல் நடக்கும் அடியவர் எங்கே கால் வைப்பது? காவடி சுமந்து ஆடி வருகிறவருக்குப் பின்னால் ஒலிப்பானை விடாமல் அழுத்திய ஓட்டுநரை நான் பார்த்திருக்கிறேன். அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. முழங்கால் வலியைக் காரணம் காட்டி, நானே பலமுறை காரில் அமர்ந்தபடி கிரிவலம் வந்திருக்கிறேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கந்தர் சஷ்டி கவசம் கேட்டுக்கொண்டு போனவனுக்கு, ஓரத்தில் ஒதுங்கி நின்ற கால்கள் அன்று கண்ணில் படவில்லை.

வழக்கு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் சென்றது. ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டும், கிரிவலப் பாதையில் தனியார் வாகனங்களை அனுமதிக்கக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024-ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் வாகனங்கள் நின்றன. பாதையில் வந்து சேரும் தெருக்களின் வாயில்களில் தடுப்புகள் வைக்கப்பட்டன. நடக்க இயலாதவர்களுக்காகத் திருக்கோயில் நிர்வாகம் மின்கல வண்டிகளையும் சிற்றுந்துகளையும் கட்டணமின்றி இயக்குகிறது. இன்று அதிகாலையில் அங்கே சென்றால் மயிலின் அகவலைக் கேட்கலாம். நீதிமன்றம் செய்தது நன்மை என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் ஊர் ஒரே மனமாக அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அதே ஆண்டில் வணிகர்கள் கடையடைப்பு நடத்தினார்கள். அடிவாரத்தில் குடியிருப்போர், தங்கள் வீட்டுக்குத் தாங்களே சுற்றிச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறதே என்று வருந்தினார்கள். வீட்டில் நோயாளி இருப்பவருக்கும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறவருக்கும், எரிவாயு உருளைக்குக் காத்திருப்பவருக்கும் ஒரு தடுப்பு என்பது சின்ன விஷயம் அன்று. வெளியூர் அன்பர்கள் ஆண்டுக்கு இருமுறை வருகிறார்கள். அடிவாரத்தார் ஆண்டு முழுவதும் அங்கேதான் இருக்கிறார்கள். பக்தரின் வசதியைப் பேசும்போது, கோயிலுக்கு அண்டை வீட்டாரும் பக்தர்கள்தாம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இந்த மலைக்குச் செல்லும் பாதை யாருக்கு உரியது என்ற கேள்வி எழுந்தது இது முதல் முறையன்று. நம்மில் மூத்தவர்களின் பெற்றோர் காலத்தில் அது இன்னும் கூர்மையாக எழுந்தது. ஒடுக்கப்பட்டவர்களாக வைக்கப்பட்டிருந்த மக்கள் தமிழகத்துப் பெருங்கோயில்களுக்குள் நுழைய முடியாதிருந்த காலம் அது. 1934-இல் மதுரைக்கு வந்த காந்தியடிகள், அவர்களுக்குத் திறக்காத கதவு தமக்கும் வேண்டாம் என்று மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்ல மறுத்தார். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் அம்மக்களுள் சிலரை அழைத்துக்கொண்டு மீனாட்சியின் சந்நிதிக்குள் சென்றார். ராஜாஜியின் அரசு அதற்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. எதிர்ப்பும் வழக்கும் இல்லாமல் இல்லை. 1946 பிப்ரவரியில், 76 வயதில், காந்தியடிகள் மீண்டும் வந்தார். மதுரையில் அம்மனைத் தரிசித்தார். பழனிக்கும் வந்து மலைமேல் தண்டாயுதபாணியைத் தரிசித்தார். எல்லோருக்கும் திறந்த கோயில்கள் என்பதற்காகவே அந்த யாத்திரை. 

என் தந்தையார் இதைச் சொல்லும்போது ஒன்றைச் சேர்த்துக்கொள்வார். கதவைச் சட்டம் திறந்துவிட்டது; ஆனால் பக்கத்தில் நிற்பவரைத் தோளோடு தோளாக ஏற்றுக்கொள்ள ஊருக்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின என்பார். சில வீடுகளில் இன்னும் ஆகவில்லை என்பது என் கருத்து. அறுநூற்றுக்கும் மேற்பட்ட படிகளை ஒன்றாக ஏறிவிட்டு, இறங்கியதும் தனித்தனிக் குவளை தேடுகிறவர்களை நான் அறிவேன்.

இப்போது கிரிவீதிக்குத் திரும்புவோம். பாதை திறந்தபோது அங்கிருந்து விலகியவர்கள் யார்? பெரிய கடைக்காரருக்கு வேறொரு தெருவில் இன்னொரு கடை உண்டு. வழக்கறிஞர் உண்டு, சங்கம் உண்டு. கூடையில் ஆயக்குடிக் கொய்யாவை அடுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தக் கூடைதான் உண்டு. பூ கட்டி விற்றவர்கள், திருநீற்றுப் பொட்டலம் விற்றவர்கள், சந்தனமும் கயிறும் விற்றவர்கள் எல்லோரும் அப்படித்தான். அவர்கள் பாதையை அடைத்துக்கொண்டிருந்தது உண்மை. அவர்களில் பலர் அங்கே ஒரு தலைமுறையாக இருந்ததும், அவர்களிடம் வாங்கி வாங்கி அவர்களை அங்கே இருத்தியது நாம்தான் என்பதும் அதே அளவு உண்மை.

வங்கிப் பணியில் இம்மாவட்டத்தில் சில ஆண்டுகள் இருந்தவன் என்பதால் இவர்களின் கணக்கு எனக்குச் சற்றுத் தெரியும். காலையில் தண்டல்காரரிடம் 900 ரூபாய் வாங்கி, சரக்கெடுத்து விற்று, மாலையில் 1,000 ரூபாயாகத் திருப்பிக் கொடுக்கும் வாழ்க்கை. ஒரு நாளைக்கு நூறு ரூபாய் வட்டி! எந்தத் தொழிலதிபரும் இந்த வட்டிக்குக் கடன் வாங்கித் தொழில் நடத்த முடியாது. எங்களிடம் மிக எளியவர்களுக்கென்று 4 சதவீத வட்டியில் டி.ஆர்.ஐ. கடன் இருந்தது. 1972 முதல் உள்ள திட்டம். அதில் சிலருக்குச் சில ஆயிரங்கள் கொடுக்க என்னால் முடிந்தது. எல்லோரும் ஒழுங்காகக் கட்டினார்கள் என்று சொன்னால் அது பொய். மழை பெய்த வாரத்தில் கட்டவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த மாதத்தில் கட்டவில்லை. ஆயினும் தைப்பூசம் முடிந்த மறுநாள், கசங்கிய பத்து ரூபாய்த் தாள்களை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து வரிசையில் நிற்பார்கள். திருவிழாக் கூட்டம்தான் அவர்களுக்கு அறுவடை. அந்தத் தாள்களை எண்ணி முடிப்பதற்குள் காசாளர் என்னை முறைத்துப் பார்ப்பார்.

2014-இல் தெருவோர வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைக் காக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. கணக்கெடுக்காமல் யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. ஒவ்வொரு ஊரிலும் விற்பனைக் குழு அமைத்து, அதில் வியாபாரிகளுக்கே குறைந்தது நாற்பது சதவீத இடம் தர வேண்டும். விற்பதற்கென இடம் ஒதுக்க வேண்டும் என்கிறது அது. கோயிலைச் சுற்றிய வீதிக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை வழக்கறிஞர்கள் பேசட்டும். அதன் உள்ளே இருக்கும் எண்ணம் எளிமையானது: ஒருவரை எழுப்புவதற்கு முன், அவர் எங்கே உட்காருவார் என்பதைச் சிந்திக்க வேண்டும். நடப்பவர்களுக்குப் பாதையைத் தந்ததில் பாதி நீதி நடந்தது. மீதிப் பாதி இன்னும் நகராட்சி, திருக்கோயில், வணிகர், பக்தர் ஆகிய நால்வரின் கணக்கிலும் பாக்கியாக நிற்கிறது என்பதே என் எண்ணம்.

நால்வரில் பக்தரைச் சேர்த்தது ஏன் என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். பெரிய கடையில் பஞ்சாமிர்தம் வாங்கும்போது விலைப்பட்டியலைப் பார்த்துப் பேசாமல் பணத்தை நீட்டுகிறோம். கூடைக்காரரிடம் வந்ததும் நமக்குத் திடீரென்று சிக்கனம் பிறக்கிறது. மலைமேல் உண்டியலில் ஐந்நூறு ரூபாய்த் தாளை மடித்துப் போட்டுவிட்டு வந்த கை, கீழே ஐந்து ரூபாய்க்கு வாதாடுகிறது. நானும் வாதாடியிருக்கிறேன். வங்கிக்காரனுக்கு அது பழக்கத்தோடு வந்த குணம்.

மேற்குக் கிரிவீதியில் ஒரு மூதாட்டியிடம் என் மனைவி பல ஆண்டுகளாகக் கொய்யா வாங்குவது வழக்கம். ஒருமுறை நான் விலை குறைக்கச் சொன்னபோது, "ஏனுங்க சாமி, மலமேல முருகங்கிட்ட இப்படித்தான் வெல பேசுனீங்களா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேசாமல் கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பாதை சீரானபின் ஒரு கார்த்திகை நட்சத்திரத்தன்று நாங்கள் சென்றபோது அவர் வழக்கமான இடத்தில் இல்லை. பாத விநாயகர் கோயிலருகே ஒரு பூக்காரரிடம் விசாரித்தோம். "அந்த ஆத்தா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போயிருச்சுங்க. அங்கயும் நிலையா ஒக்கார விடறதில்லீங்க" என்றார். கிரிவலத்தை முடித்துக்கொண்டு தேடிப் போனோம். ஒரு தேநீர்க் கடையின் சுவரோரம், வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, முன்னைவிடச் சிறிய கூடையுடன் உட்கார்ந்திருந்தார். என் மனைவியைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"பாத இப்ப நல்லா இருக்குங்களாம்மா?" என்றுதான் முதலில் கேட்டார். நன்றாக இருக்கிறது என்றாள் இவள்.

"இருக்கட்டும் தாயி. நடக்கறவங்க நடக்கோணுமல்ல. எனக்குத்தான் முட்டி போச்சு, படியேறி ரெண்டு வருசமாச்சு."

ஒரு கிலோ நிறுத்துப் பையில் போட்டார். பிறகு கூடையின் அடியில் தேடி, காம்போடும் இலையோடும் இருந்த ஒரு பழத்தை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்து என்னிடம் நீட்டினார். "இதுக்குக் காசு வேண்டாஞ் சாமி. மேல போறப்ப தண்டபாணிக்குக் குடுத்துருங்க. ஆயக்குடிக்காரி குடுத்தான்னு சொல்லுங்க."

அன்று மலையேறும் எண்ணம் எங்களுக்கு இல்லை. பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தோம்.