கடை ஒன்று, இணைய முகவரியும் ஒன்றே!

பல்லடத்து விசைத்தறித் துணியையும் கறிக்கோழியையும் தேடி வரும் வெளியூர் வியாபாரிகளில் பலர், இன்று முதலில் தட்டிப் பார்ப்பது கூகுள் போன்ற தேடுபொறியைத்தான். அங்கே நம் பெயர் முன்னால் வர வேண்டும் என்ற ஆசையில், நம் வணிகர்கள் சிலர் 'டாட் காம்' ஒன்று, 'டாட் இன்' ஒன்று, சரக்கின் பெயரில் மற்றொன்று என வாங்கி, எல்லாவற்றிலும் ஒரே விவரத்தைப் போட்டு வைக்கிறார்கள். நான்கு கதவு வைத்தால் நான்கு பக்கமும் ஆள் வருவார்கள் என்பது அவர்கள் கணக்கு. இந்தக் கணக்கு தவறானது.

தேடுபொறிக்கு ஒவ்வொரு முகவரியும் தனிக் கடை. முன்னால் 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ' சேர்ந்ததும் சேராததும்கூட அதற்கு இரண்டு முகவரிகளே. பிற தளங்கள் நம் தளத்துக்குத் தரும் இணைப்புகள், நம் நாணயத்துக்குப் பிறர் சொல்லும் சாட்சி போன்றவை. முகவரி பலவானால் அந்தச் சாட்சி சிதறக்கூடும். ஒரே விவரம் பல இடங்களில் இருந்தால் தேடுபொறி தானாக ஒன்றைப் பொறுக்கிக் காட்டும். அது நாம் விரும்பியதாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

முதன்மை முகவரியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

1. பல ஆண்டுகளாக பில்லிலும் பெயர்ப்பலகையிலும் உள்ள முகவரி இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

2. புதிதானால், போனில் ஒருமுறை சொன்னாலே எழுதத் தெரிகிற பெயர் நல்லது. திருப்பூர் என்பதற்கே ஆங்கிலத்தில் ஒரு 'பி' போடுவாரும் உண்டு, இரண்டு 'பி' போடுவாரும் உண்டு.

3. உள்நாட்டு வியாபாரத்துக்கு 'டாட் இன்' பொருத்தம். நம் தளம் இந்தியாவுக்கானது என்பதை அது தேடுபொறிக்கு உணர்த்தும். 2005 முதல் இது எல்லாருக்கும் எளிதாகக் கிடைக்கிறது. ஏற்றுமதியாளருக்கு 'டாட் காம்' ஏற்றது.

4. சரக்கின் பெயரையே முகவரியாக்கினால் முதலிடம் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். அப்படிப் பெயரை மட்டும் நம்பிய தரமற்ற தளங்களை கூகுள் 2012லேயே பின்னுக்குத் தள்ளிவிட்டது.

மற்ற முகவரிகளை விட்டுவிட வேண்டியதில்லை. வீடு மாறினால் தபால் ஆபீசில் புது விலாசம் எழுதிக் கொடுப்பதுபோல, அவற்றுக்கு வருபவர்களை முதன்மை முகவரிக்கே நிரந்தரமாகத் திருப்பிவிடலாம். இதற்கு '301' என்று பெயர். தளம் அமைத்தவரிடம் இந்த எண்ணைச் சொன்னாலே புரிந்துகொள்வார். முகவரி மாற்றினால் இந்த ஏற்பாட்டைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. முகவரி உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் போன் எண்ணில் பதிவாகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். தளம் அமைத்தவர் பெயரில் இருந்தால் கடை உங்களுடையது, பத்திரம் அவருடையது என்றாகிவிடும். புதுப்பிக்கும் தேதியைத் தவறவிட்டால், அவகாசம் முடிந்தபின் யார் வேண்டுமானாலும் அதை வாங்கிக்கொள்ளலாம். ஆண்டுக் கணக்கில் சேர்த்த பெயரும் அதோடு போய்விடும். உரிமம் புதுப்பிக்கும் தேதியோடு இந்தத் தேதியையும் கடைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.