‘மட்’ மின்னஞ்சலில் இணைப்புகளைத் திறப்பது எப்படி?

என் மகளுக்கு வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதம் மூன்று நாட்களாக என் மின்னஞ்சல் பெட்டியில் வாசிக்க முடியாமல் கிடந்தது. விண்ணப்பத்தில் அவள் என் முகவரியைத்தான் கொடுத்திருந்தாள். பரீட்சையோ நான்காம் நாள் காலை.

பழைய லெப்டொப்பில் நான் பாவிப்பது ‘மட்’. மைக்கல் எல்கின்ஸ் 1995இல் எழுதிய, எழுத்துகள் மட்டுமே தெரியும் மின்னஞ்சல் மென்பொருள். வேகமானது, கண்ட கண்ட படங்களை இணையத்திலிருந்து இழுக்காது. ஆனால் எந்த வகைப் பைலை எதில் திறப்பது என்று நாம்தான் அதற்குச் சொல்லிவைக்க வேண்டும்.

அதற்கான இடம் ‘மெயில்கெப்’. நமது ஹோம் கோப்புறையில், முன்னால் ஒரு புள்ளி வைத்து, சிறிய ஆங்கில எழுத்துகளில் அந்தப் பெயரில் ஒரு பைல் வேண்டும். ஒரு வகைக்கு ஒரு வரி. முதலில் பைலின் வகை, அடுத்து அரைப்புள்ளி, பிறகு திறக்கும் மென்பொருள், கடைசியில் வீதக் குறியும் ‘எஸ்’ எழுத்தும். இந்தக் கடைசிக் குறி இருக்கும் இடத்தில்தான் பைலின் பெயர் வந்து அமரும். பிடிஎப் என்றால் வகை ‘அப்ளிகேஷன்/பிடிஎப்’, மென்பொருள் எவின்ஸ். பின்னர் மடலில் ‘வீ’ விசையை அழுத்தினால் இணைப்புகளின் பட்டியல் வரும், என்டர் அழுத்தினால் திறக்கும்.

இதையெல்லாம் நான் செய்தே வைத்திருந்தேன். ஆனாலும் கடிதத்தைத் திறந்தால் திரை முழுக்கக் குப்பை எழுத்துகள். அனுப்பியவர்களின் கணினி, பிடிஎப்பை ‘அப்ளிகேஷன்/ஒக்டெட்-ஸ்ட்ரீம்’ என்று, அதாவது வகை சொல்லாத வெறும் பைட்டுகளாக அனுப்பியிருந்தது. மட் பைலின் பெயரைப் பார்ப்பதில்லை, மடலில் எழுதப்பட்ட வகையைத்தான் நம்பும். அந்த வகைக்கு மெயில்கெப்பில் வரி இல்லாததால் எழுத்தாகவே காட்டிவிட்டது. பைல் பழுது என்று நினைத்து நான் சும்மா இருந்துவிட்டேன். அது என் பிழை.

மட்டின் அமைப்புக் கோப்பில் ‘மைம்_லுக்அப்’ என்று தொடங்கி இந்த ஒக்டெட்-ஸ்ட்ரீம் வகையை எழுதினால் போதும். அதன் பிறகு பைல் பெயரின் பின்னொட்டைப் பார்த்து உண்மையான வகையை ஊகித்துக்கொள்ளும். மூன்றாம் நாள் இரவு இந்த ஒரு வரியைச் சேர்த்த பிறகுதான் கடிதம் திறந்தது. விடியற்காலை பஸ்ஸில் மகளை ஏற்றிவிட்டேன்.

வேர்ட் ஆவணங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. லிப்ரே ஒபிஸ் ஏற்கெனவே திறந்திருந்தால், புதிய கட்டளை பைலை அதனிடம் ஒப்படைத்துவிட்டு உடனே முடிந்துவிடும். வேலை முடிந்தது என்று எண்ணி, என்னிடமிருந்த மட் பதிப்பு தற்காலிகப் பைலை அழித்துவிடும். ‘பைல் இல்லை’ என்ற செய்திதான் மிஞ்சும். பைலை முதலில் வேறு கோப்புறைக்குப் பிரதி செய்து, அந்தப் பிரதியைத் திறக்கும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை மெயில்கெப்பில் கொடுத்திருக்கிறேன்.

இயங்கக்கூடிய பைல்களுக்கு மாத்திரம் மெயில்கெப்பில் வரியே எழுதவில்லை. அப்படி ஏதும் வந்தால் ‘எஸ்’ அழுத்திச் சேமித்துவிட்டு, அனுப்பியவருக்கு முதலில் ஒரு கோல் எடுப்பேன்.